மாடித்தோட்டம் காய்கறிச் செலவைக் குறைக்குமா?

வீட்டுத் தோட்டத்தால் பணம் மிச்சமாகுமா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் வீட்டில் காய்கறிக்கு இப்போது எவ்வளவு போகிறது என்பதைத்தான். தோட்டம் எவ்வளவு செழித்தாலும் அந்தத் தொகைக்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியாவில் ஒருவருக்கு ஆகும் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய். அதில் காய்கறியின் பங்கு 3.8 சதவீதம், அதாவது சுமார் 245 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டு நகரங்களின் மொத்தச் செலவு இந்தியச் சராசரியைவிடக் கூடுதல். விலையும் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது. ஆகவே மாதம் 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18,000.

இதில் எல்லாவற்றையும் மாடியில் விளைவிக்க முடியாது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறிகளுக்கு மொத்த எடை, அதாவது நூறு ரூபாய்ச் செலவில் அவற்றின் பங்கு, 6.04. அதில் உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி மூன்றுக்கும் சேர்த்து 2.2. ஆக, காய்கறிக்குப் போகும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த மூன்றுக்கே போய்விடுகிறது. வெங்காயத்தையும் உருளையையும் பையில் நட்டு அறுவடை செய்து காட்டுகிறார்கள்தான்; ஆனால் ஒரு குடும்பத்தின் மாதத் தேவைக்கு அது எட்டாது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு எல்லாம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து வருபவை. சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் அவற்றை ஆண்டு முழுக்க எடுப்பது நடக்காத காரியம். இவற்றைக் கழித்தால், தோட்டம் தொடக்கூடிய செலவு 18,000-இல் பாதிக்கு மேல் இருக்காது.

அந்தப் பாதியை எடுக்க எவ்வளவு இடம் வேண்டும்? தேர்ந்த விவசாயி ஒரு ஏக்கரில் வெண்டை போட்டால், ரகத்தையும் பராமரிப்பையும் பொறுத்து, மூன்று மாதத்தில் ஐந்து முதல் ஆறு டன் எடுப்பார். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 125 கிராம் அளவில் வருகிறது. பத்துக்குப் பத்து அடி இடம் முழுக்க வெண்டைச் செடியே நின்றாலும், விவசாயியின் கைப்பழக்கம் நமக்கும் இருந்தாலும், மூன்று மாதத்தில் 12, 13 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் 500 ரூபாய்ச் சொச்சம். மூன்று மாத உழைப்புக்கும் தண்ணீருக்கும் உரத்துக்கும் வருவது இவ்வளவுதான். தக்காளி இதைவிடக் கூடுதலாகக் காய்க்கும். அதே இடத்தில் 30 கிலோ வரை எதிர்பார்க்கலாம். ஆனால் நாற்றுவிட்டதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். நல்ல விளைச்சல் காலத்தில் கடையிலும் தக்காளி 20, 25 ரூபாய்க்குத்தான் விற்கும்.

இப்போது அதே பத்துக்குப் பத்தில் முளைக்கீரை விதைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எக்டேருக்குப் பத்து டன் என்பது முளைக்கீரைக்குச் சாதாரண விளைச்சல். நம் இடத்துக்கு 9 கிலோவுக்கு மேல் வரும். கட்டுக்கு 300 கிராம் என்றால் 30 கட்டு. கட்டு 15 ரூபாய் என்று வைத்தாலும் 450 ரூபாய். வெண்டை மூன்று மாதத்தில் கொடுப்பதைக் கீரை 25 நாளில் ஏறக்குறையக் கொடுத்துவிடுகிறது. பந்தல் வேண்டாம், ஆழமான பை வேண்டாம். அரை அடி மண் போதும். பூச்சி வந்தாலும் மருந்தைத் தேடி ஓடுவதற்குள் அறுவடை முடிந்திருக்கும். ஒரு பாத்தியைப் பூக்கவிட்டால் அடுத்த ஆண்டுக்கான விதையும் கையில் நிற்கும்.

வீட்டுத் தோட்டத்தின் வரவு செலவே இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்று நினைக்கிறேன். எத்தனை பை வைத்தோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. என்ன நட்டோம், அதற்கு முன் எவ்வளவு பணத்தைப் போட்டோம் என்ற இரண்டும்தான் முக்கியம். சீக்கிரம் வாடிவிடுவதாலேயே கடையில் விலை கூடுதலாக இருப்பவை, கட்டாக வாங்கிப் பாதியை எறிய நேர்பவை, தினமும் கொஞ்சமாகத் தேவைப்படுபவை: இவைதான் வீட்டில் வளர்க்க லாபமானவை. கீரை வகைகள், புதினா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கிலோக் கணக்கில் வாங்கி வாரக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய காய்களை விவசாயியிடமிருந்து வாங்குவதே மலிவு.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தக்காளியிலும் கத்தரியிலும்தான் தொடங்குகிறார்கள். அதற்கான முதலீடும் சிறியதல்ல. 20 பைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். விலை ஊருக்கு ஊர் மாறும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் தடித்த பை 60 ரூபாய் என்றால் 1,200. தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் எல்லாம் சேர்ந்து பைக்கு 100 வீதம் 2,000. விதை, வேப்பம் புண்ணாக்கு, வேப்பெண்ணெய் 500. பச்சை நிழல்வலையும் அதைக் கட்டக் குழாய்களும் 2,000. பூவாளியும் தெளிப்பானும் 500. ஆக 6,200. இரும்பு ஸ்டாண்டு, சொட்டுநீர்க் குழாய் என்று போனால் பத்தாயிரம் எளிதாகத் தாண்டும். பைக்கு இரண்டு கிலோ தக்காளி, ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று தாராளமாகவே வைத்தாலும் 80 கிலோ. கிலோ 25 ரூபாய் வீதம் 2,000. அதிலிருந்து ஆண்டுதோறும் போடும் உரம், புது விதை, வெயிலில் கிழிந்த பைகளுக்கான மாற்று என ஆயிரம் ரூபாயாவது கழியும். போட்ட பணம் திரும்பவே ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். பைகளோ மூன்று நான்கு ஆண்டுக்கு மேல் தாங்காது.

"தக்காளி 150 ரூபாய் விற்றபோது எங்கள் மாடியில் காய்த்தது" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி அமைந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டிய நிலை வந்தது. அந்த மாதம் நம் மாடியில் பழம் இருக்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரலில் நாற்றுவிட்டிருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளம் கொதிக்கும்போது தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் இது தவிர்க்க முடியாதது. 2021 நவம்பரிலும் விலை நூறைத் தாண்டியது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பயிரை அழித்த மழை சென்னையையும் விடவில்லை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பைகளில் நீர் தேங்கி வேர் அழுகாமல் தப்பிய செடிகள் எத்தனை இருக்கும்? விலை ஏறக் காரணமான வானிலை நம் செடியையும் தாக்கும். நமக்குக் காய்க்கும்போது ஊருக்கே காய்க்கும். முருங்கையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கோடையில் மரம் நிறையத் தொங்கும்போது கேட்பாரில்லாமல் கிடக்கும். மார்கழியில் ஒரு காய் பத்து ரூபாய்க்கு மேல் விற்கும்போது நம் மரமும் பூவோடு நிற்கும்.

பறித்த காயைத் தராசில் வைத்து, கடை விலையால் பெருக்கி, "இந்த மாதம் இவ்வளவு மிச்சம்" என்று சொல்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. பந்தலில் ஒரே வாரத்தில் ஆறு சுரைக்காய் முற்றுகிறது என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஆறு சுரைக்காயைக் கடையில் யாரும் வாங்கப் போவதில்லை. இரண்டைச் சமைப்போம், நான்கை அக்கம்பக்கத்தில் கொடுப்போம். கொடுப்பது நல்லது, உறவும் வளரும். ஆனால் அது மிச்சமான பணமல்ல. தோட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எதை வாங்கியிருப்போமோ, அதை வாங்காமல் விட்ட தொகைதான் மிச்சம். இந்த அளவுகோலைப் பிடித்தால் பல வீடுகளின் லாபக் கணக்கு பாதியாகச் சுருங்கும். தோட்டம் வந்த பிறகு கீரை கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கிய குடும்பங்களும் உண்டு. அங்கே செலவு குறையாமலே உணவு மேம்படுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி பரிந்துரைக்கிறது. நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. பெரும்பாலான வீடுகள் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே இல்லை. எனவே தோட்டத்தின் முதல் பயன் உடம்புக்குத்தான் போகிறது, பர்சுக்கு அப்புறம்தான்.

கறிவேப்பிலையில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தழை மல்லியும் கொசுறாக வரும். அப்படி வாங்கும் வீட்டில் கறிவேப்பிலைச் செடியால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. சூப்பர் மார்க்கெட்டிலும் செல்போன் செயலியிலும் வாங்குபவர்களுக்கோ அதுவே பத்து, இருபது ரூபாய்ப் பொட்டலம். வாரம் ஒன்று வாங்கினால் ஆண்டுக்கு 500 முதல் 1,000 ரூபாய். தரையில் நட்ட ஒரு செடி அதை முழுதாக மிச்சப்படுத்தும். இன்னொன்றும் இருக்கிறது. கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பல ஆண்டுகளாகவே புகார் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளைப் பற்றிக் கேரளம் 2015-இல் கடுமையாகக் கேள்வி எழுப்பியபோது அதில் இதுவும் அடிபட்டது. கொசுறாகவே கிடைத்தாலும் வீட்டில் ஒரு செடி வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எந்தக் கடை விலையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது. உழவர் சந்தைக்குக் காலையில் நடந்து போய் வாங்கும் குடும்பத்தைத் தோட்டத்தால் வெல்வது கடினம். இடைத்தரகர் இல்லாத விலையில் அவர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை அங்காடியில் கிலோவுக்கு இரட்டிப்பு விலை கொடுப்பவர்களுக்கு அதே தோட்டம் இரட்டிப்பு மிச்சத்தைக் காட்டும். நஞ்சில்லாக் காய்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட குடும்பத்துக்கு வெண்டையும் கத்தரியும்கூடக் கட்டுப்படியாகலாம்.

கணக்கில் எழுதப்படாத செலவுகளில் பெரியது மொட்டைமாடிதான். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்பது இந்தியக் கட்டுமானத் தரநிலை எடுத்துக்கொள்ளும் அளவு. ஒரு அடி உயரத்துக்கு ஈரச் செம்மண் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். நார்க்கழிவு கலந்த மண் அதைவிட இலேசு. மாடிக்கு அதைச் சொல்வது இதனால்தான். பைகளைத் தளத்தில் நேராக வைத்துத் தினமும் நீர் ஊற்றினால் பைக்கடியில் ஈரம் காயாமல் கிடந்து விரிசல் வழியே இறங்கும். நீர்க்கசிவைச் சரிசெய்ய ஆகும் செலவில் பத்து ஆண்டுக்குக் கீரை வாங்கலாம். செங்கல் மேலோ பழைய பலகை மேலோ பைகளைத் தூக்கி வைப்பதற்கு ஒன்றும் ஆகாது. அதைச் செய்யாமல் விதை போடவே கூடாது.

தண்ணீர் பலர் பயப்படுகிற அளவுக்குச் செலவு வைப்பதில்லை. 20 பைக்கு நாளைக்கு 30 லிட்டர், மாதம் 900 லிட்டர். லாரித் தண்ணீர் லிட்டர் பத்துப் பைசா என்று வைத்தால் 90 ரூபாய். ஆனால் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்றபோது, செடிக்கு ஊற்ற யாரிடமும் தண்ணீர் இல்லை. அரிசி, பருப்பு கழுவிய நீரைச் சேர்த்துவைத்து ஊற்றும் பழக்கம் உள்ள வீடுகளில்தான் அந்த ஆண்டு செடிகள் பிழைத்தன.

உழைப்புக்கு விலை வைக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தினம் அரை மணி நேரம் என்றால் மாதம் 15 மணி நேரம், ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான நாள்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் வைத்தாலே மாதம் 600 ரூபாய் கழிந்து தோட்டம் நஷ்டத்துக்குப் போய்விடும். ஓய்வு பெற்றவருக்கும் மாலையில் மாடிக்குப் போவதே ஆறுதலாக இருப்பவருக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. ஆனால் வேலைக்கும் போய்ச் சமையலும் பார்க்கும் பெண்ணின் தலையில் தோட்டமும் ஏறுகிறது என்றால் அந்த அரை மணி நேரத்துக்கு விலை உண்டு. குடும்பத்தில் மற்றவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலீடே போடாமல் நடக்கும் தோட்டம் ஒன்று நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது: கொல்லைப்புறம். பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் வாழையும் சேம்பும், கிணற்றடியில் கறிவேப்பிலை, மூலையில் முருங்கை, வேலியில் பாகலும் முடக்கத்தானும், கூரைமேல் சுரை அல்லது பூசணி. ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தைக்குக் காய்க்கும். பொங்கலுக்கு அவரைக்காயைக் கடையில் வாங்காத வீடுகள் இன்றும் இருக்கின்றன. இங்கே பை இல்லை, நார்க்கட்டி இல்லை, நிழல்வலை இல்லை. உரம் மாட்டுச்சாணமும் அடுப்புச் சாம்பலும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் பறிப்பதெல்லாம் மிச்சம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதத்திலிருந்து காய்த்து, ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் கொடுக்கும். கோடை விலையான மூன்று ரூபாய் வீதம் பார்த்தாலே 600 ரூபாய், கீரை தனி. எந்த மாடிப் பையும் இதன் பக்கத்தில் வர முடியாது.

மாடியில் இருப்பவர்கள் கொல்லைப்புறத்திடம் கற்க வேண்டியது இந்தச் சிக்கனத்தைத்தான். அரிசிச் சாக்கு, பெயின்ட் வாளி, உடைந்த பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றிலும் கீரை வளரும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை நட்டால் வேர் பிடிக்கும். அஞ்சறைப் பெட்டியில் உள்ள தனியாவை இரண்டாக உடைத்துத் தூவினால், கோடை நீங்கலாக, மல்லித்தழை வரும். காய்ந்த மிளகாயின் விதையிலிருந்தே நாற்று விடலாம்; மூன்று நான்கு செடி ஒரு வீட்டுக்குப் போதும். ஆண்டுதோறும் கையைக் கடிப்பது உரச் செலவுதான். காய்கறித் தோலை இரண்டு மண்பானைகளில் மாற்றி மாற்றி மக்கவிட்டால் அதுவும் பெரும்பகுதி குறையும். ஆயிரம் ரூபாய்க்குள் தொடங்கி, கீரையும் மிளகாயும் புதினாவும் மட்டும் வளர்த்தால், மாதம் 200 முதல் 300 ரூபாய் வரை உண்மையாகவே மிச்சமாகும். முதல் ஆண்டே போட்ட பணமும் திரும்பும். காய்கறிச் செலவு இதனால் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம், அதற்கு மேல் நகரத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

விலைவாசி கட்டுக்கடங்காமல் போகும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். இலங்கையில் 2022 ஜூனில், அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. எரிபொருள் இல்லாமல் லாரிகள் நின்ற நாட்களில் முற்றத்து மரவள்ளிக்கும் வல்லாரைக்கும் சந்தை விலையை வைத்து யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கடைக்குச் சரக்கே வராதபோது முற்றத்தில் இருந்ததுதான் சாப்பாடு.

தமிழ்நாட்டு அரசின் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் நகரத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று என்று தொகுப்புகள் வகுத்தார்கள். நகரத்துக்கு ஆறு பைகள், நார்க்கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரங்கள் அடங்கிய 900 ரூபாய்த் தளை (தொகுப்பு), மானியம் போக 225 ரூபாய். கிராமத்துக்கு 12 வகைக் காய்கறி விதைகள் 15 ரூபாய். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, எலுமிச்சை உள்ளிட்ட எட்டுச் செடிகள் 25 ரூபாய். நகரத் தளைக்கு அரசு போட்ட மானியம் 675 ரூபாய். கிராமத்து விதைத் தொகுப்பின் முழு விலையே 60, அதில் மானியம் 45. அதாவது ஒரு மாடிக்குப் போன மானியத்தில் பதினைந்து கொல்லைப்புறங்களுக்கு மானிய விலையில் விதை கொடுத்திருக்கலாம். அந்தக் கொல்லைப்புறங்களில்தான் பறித்த காய் உடனே பணமாக மிஞ்சுகிறது, அந்த வீடுகளில்தான் காய்கறிக்குப் போகும் பங்கும் கூடுதல் (2022-23 கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் 5.38 சதவீதம்). எனக்கு இதில் தயக்கமில்லை. பணம் குறைவாக இருந்தால் 15 ரூபாய்ப் பொட்டலத்துக்கும் 25 ரூபாய்ச் செடிகளுக்கும்தான் முதலில் போக வேண்டும்.

நகரத்தில் இந்த மிச்சம் மிகவும் தேவைப்படுபவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாடிக்கதவின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். தளை வாங்கினாலும் வைக்க இடமில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டியது வேறு. அங்கன்வாடி, சத்துணவு மையங்களின் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் வெற்று நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் கொடிப்பசலையும் நட்டு, மையத்தின் சமையலுக்குப் போக மிஞ்சும் கீரையை அந்தத் தெருப் பெண்களே பறித்துப் போகட்டும். காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் மையங்கள் சில ஊர்களில் இருக்கவே செய்கின்றன. நீர் ஊற்ற ஆளும் குழாயும் அங்கே ஏற்கெனவே உண்டு.